காசு கொடுத்துக் காட்டில் குளிக்கிறவர்களுக்கு

'காட்டுக்குளியல்' என்ற வார்த்தை இப்போ நகரத்து வாட்சப் குழுக்களில் நல்லா ஓடுது. மலையேறிப் போய் இரண்டு நாள் தங்கணும், மரத்தடியில் மௌனமா உட்காரணும், மெதுவா நடக்கணும். அதுக்கு ஒரு கட்டணம். "உங்களுக்கென்ன அண்ணே, தினமும் இலவசமா குளிக்கிறீங்க" என்று என்னிடம் சொல்கிறவர்களும் உண்டு.

அப்படி இல்லீங்க. வயல் என்பது வேலை பார்க்கிற இடம். வரப்பில் நின்றால் கண்ணு களையைத் தேடும், தூரைப் பிரிச்சுப் புகையான் இருக்கான்னு பார்க்கும், காது மோட்டார் சத்தத்திலேயே இருக்கும். சும்மா இருக்க எங்களுக்கும் வேறு இடம் வேணும். புதுக்கோட்டைப் பக்கம் எங்க மாதிரி ஊர்களுக்கு அந்த இடம் ஐயனார் கோயில் காடு. எங்க ஊர்க் காடு மூணு ஏக்கர்கூடத் தேறாது. வீரை, உலக்கைப்பாலை, குருந்து, நாவல், அதுகளைப் பின்னிக்கிட்டு கொடிகள். அவ்வளவுதான்.

காட்டுக்குளியல் பிறந்த ஜப்பானில்கூட அது பணக்காரர் சமாச்சாரமா ஆரம்பிக்கலை. 1982-இல் அந்த நாட்டு வனத்துறை 'ஷின்ரின் யோகு' என்று பெயர் வைத்து, ஊர் ஜனங்களை அரசாங்கக் காட்டுக்குள் நடக்கக் கூப்பிட்டது. நகானோ மாகாணத்தில் ஹினோகி மரங்கள் நிற்கிற அகசாவா காட்டில்தான் தொடக்கம். காட்டில் நடந்தவர்களின் ரத்த அழுத்தத்தைப் பற்றி ஆய்வு செய்ததெல்லாம் பிறகுதான். வியாதி தீரும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். மனசு கொஞ்சம் அடங்கும். அது போதாதா?

அங்கே கடைசி இலையுதிர் காலத்தில் மேப்பிள் சிவந்து கொட்டும். நம்ம ஊரில் அந்த நவம்பர், டிசம்பர் மாதங்கள் கூதிர்காலம், ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை பெய்து காடு இருக்கிறதிலேயே பச்சையா நிற்கிற நேரம். சம்பா நட்டுக் களையும் எடுத்தாச்சு என்றால் எங்களுக்கும் நாலு நாள் மூச்சு விட நேரம் கிடைக்கும். மழை விட்ட காலையில் காட்டுக்குள் போனால் ஈரச் சருகு வாசம். வேலி ஓரம் செங்காந்தள் பூத்திருக்கும், அதை நாங்க கார்த்திகைப்பூன்னுதான் சொல்லுவோம். மட்கின கட்டையில் காளான், பாதையில் மரவட்டை. கொசுவும் கடிக்கும், அதையும் சொல்லிடணும்.

இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஆறுமணிக்குருவி. வடக்கே இமயமலை அடிவாரம் வரைக்கும் கூடு கட்டுகிற பறவை, குளிர்காலத்துக்கு நம்ம பக்கம் வந்துடும். காலையும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும், அதனால் அந்தப் பேரு. மரத்தில் தேடினால் தெரியாது. தரையில் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்னும். நீங்க அசையாம உட்கார்ந்தால் வாலை ஆட்டிக்கிட்டு முன்னாடியே நடக்கும்.

சருகு இருந்தால்தான் அந்தக் குருவி. இப்போ பல கோயில் காடுகளில் சருகே இல்லை. கூட்டித் தீ வைக்கிறார்கள். மரத்தின் அடி வரைக்கும் பேவர் பிளாக் பதிக்கிறார்கள். ராத்திரி முழுக்க எரிகிற பெரிய விளக்கு, தகரக் கொட்டகை, சிமெண்ட் தளம். மழைத்தண்ணி வேருக்கு இறங்காமல் நாலைந்து வருஷத்தில் மரம் நுனியிலிருந்து காயும். அப்புறம் 'பட்ட மரம், பக்தர்கள் மேல விழுந்துடும்' என்று வெட்டுவார்கள்.

இதைச் செய்கிற காசு எங்கேயிருந்து வருது? பெரும்பாலும் வெளியூர்ப் பணம்தான். குலதெய்வத்துக்குச் செய்யணும் என்று நல்ல மனசோடு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நீங்க அனுப்புகிற பணம். மலையில் நிழலுக்குக் காசு கொடுக்கிறவரும், சொந்த ஊர்க் காட்டில் சிமெண்ட் போடக் காசு கொடுக்கிறவரும் பல நேரம் ஒரே ஆள். என் வருத்தமே இதுதான்.

வசதியே வேண்டாம் என்று சொல்லலை. வயசானவர்களுக்குப் பாதை வேணும், பெண்களுக்குக் கழிப்பறை வேணும், சமைக்க இடம் வேணும். எல்லாத்தையும் காட்டுக்கு வெளியே, ரோட்டோரம் கட்டலாம். உள்ளே நடக்க மண்ணும் கிராவலும் போதும். விளக்கு திருவிழா அன்னைக்கு மட்டும் எரியட்டும். மிச்சக் காசில் ஓரத்தில் ஏறி வருகிற சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்க. அந்த இடத்தில் வீரையும் குருந்தும் நடுங்க, நர்சரி அழகுச்செடி வேண்டாம்.

எங்க ஊரில் மண்டபத்துக்கு ரெண்டு மரத்தை எடுக்கலாம் என்று பேச்சு வந்தப்போ வயசான பூசாரி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சாமிக்கு வெயில் ஆகாது அப்பு." மரம் தப்பிச்சது. எல்லா ஊரிலும் அப்படிச் சொல்ல ஆள் இருக்கணும் என்று இல்லை. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஏறக்குறைய 5 ஹெக்டேர் வீரகோயில் காட்டை அரசு 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சிருக்கு. நல்ல விஷயம். ஆனால் மூணு ஏக்கர், ஒரு ஏக்கர் காடுகளுக்கெல்லாம் ஊர்க்காரர்கள்தான் காவல். நீங்களும் அந்த ஊர்க்காரர்தான், எங்கே குடியிருந்தாலும்.

சிவராத்திரிக் கூட்டத்தில் வந்து அரைமணியில் திரும்பினால் காடு கண்ணில் படாது. இந்தக் கார்த்திகையில் ஒரு நாள் வாங்க. விடியுமுன்னே வந்துடுங்க. வழக்கப்படி செருப்பை வெளியே விடுங்க. மழைக்காலம், பூச்சிபொட்டு இருக்கும், அதனால் பாதையை விட்டு இறங்காமல் தரையைப் பார்த்து நடங்க. போனை வண்டியிலேயே வையுங்க. ஒரு சுள்ளிகூட ஒடிக்காமல் கோயில் படியில் ஒரு மணி நேரம் உட்காருங்க.

அடுத்த தடவை திருப்பணி நோட்டீஸ் வந்தால் பணம் அனுப்புமுன் கமிட்டிக்காரர்களிடம் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "இதில் எத்தனை மரம் போகுது, எத்தனை மரத்தடி மூடுது?" நாங்க இங்கே கேட்டால் 'இவனுக்கு வேற வேலை இல்லை' என்பார்கள். பணம் கொடுக்கிறவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.