கிதாரும் கையெழுத்தும்

ஆண்டு மலர் என்றால் பாரதியைப் பற்றி ஒரு கட்டுரை, வரதட்சணையைப் பற்றி ஒரு கட்டுரை, விண்வெளியைப் பற்றி ஒரு கட்டுரை வந்துவிடும். நான் எழுதப் போவது ஒரு கேசட்டைப் பற்றி. 1990-இல் அமெரிக்காவில் வெளிவந்த கேசட் அது. நம்மில் ஒருவர்கூட அப்போது பிறக்கவில்லை. பாடியவர் பெயர் ஆனி டிஃப்ராங்கோ. சினிமாவில் பாடியவர் இல்லை, நம் ஊர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டப்பட்டவரும் இல்லை. "அப்புறம் எதுக்கு நமக்கு?" என்று கேட்பீர்கள். அந்தக் கேசட் வந்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட நம் வயதுதான். பாட வந்தவர்கள் எல்லாரும் ஆசையோடு போடும் ஒரு கையெழுத்தை அவர் அன்றும் போடவில்லை, பின்னாலும் போடவில்லை. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்று ஓர் ஊர். எருமையா என்று சிரிக்காதீர்கள், பெரிய தொழில் நகரம். பக்கத்து லாக்கவானாவில் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியின் பிரம்மாண்டமான உருக்காலை இருந்தது. 1983-இல் அங்கே எஃகு உருக்குவதை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த ஊரில் 1970-இல் பிறந்தவர் ஆனி. ஒன்பது வயதிலேயே கிதாரோடு மேடையேறினார். பதினைந்து வயதில் தனியாக வாழத் தொடங்கினார். சின்னச் சின்ன இடங்களில் பாடி, சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டும் தானே போட்டார்.

அமெரிக்காவில் 'ஃபோக்' பாடகர் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கையில் மின்சாரம் தேவைப்படாத மரக் கிதார், வாயில் சொந்தப் பாட்டு. அவ்வளவுதான் கச்சேரி. ஆனியின் முதல் கேசட்டும் அப்படித்தான். ஒரு குரல், ஒரு கிதார். டிரம்ஸ் கிடையாது, கோரஸ் கிடையாது. முதலில் 500 கேசட் போட்டார். கச்சேரி முடிந்ததும் தானே விற்றார், தீர்ந்துபோயின. ரைச்சியஸ் பேப் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு கம்பெனியும் தொடங்கினார். கேசட்டுக்குத் தனியாகப் பெயர்கூட இல்லை, அவர் பெயர்தான் அதற்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் கிதார் முழுசாகப் புரிந்தது! தந்தியை மீட்டுகிறாரா, தட்டுகிறாரா என்று தெரியாத அளவுக்கு ஒரு வேகம். தாளத்துக்குத் தனியாக ஆள் இல்லாததால் அதே கிதாரே தாளமும் ஆகிவிடுகிறது. அவர் வாசிப்பைப் பற்றி ஒரு செய்தி நம் எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குப் பிடிக்கும். விரல் நகம் உடையாமல் இருக்கச் செயற்கை நகத்தை வைத்து அதன்மேல் சுற்றுவது எதை என்று நினைக்கிறீர்கள்? நம் லேபில் ஒயருக்குச் சுற்றுகிறோமே, அதே இன்சுலேஷன் டேப்பைத்தான்!

குறையும் உண்டு. தொடர்ந்து கேட்டால் சில பாட்டுகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரே குரல், ஒரே வாத்தியம் என்றால் அப்படித்தான் ஆகும். கம்பெனிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், "இங்கே கொஞ்சம் வயலின் போடும்மா" என்று சொல்லியிருப்பார். அதே ஆள், "இந்தப் பாட்டை எடுத்துடும்மா" என்றும் சொல்லியிருப்பார். அந்தக் கேசட்டில் கருக்கலைப்பைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. ஒரு பெண் தன் மனத்தைத் திறந்து பாடும் பாட்டு. அமெரிக்காவில் அதைப் பேசினாலே பெரிய சண்டை. விற்பனையை நினைப்பவர் முதலில் வெட்டுவது அதைத்தான். வெட்ட ஆள் இல்லாததால் அந்தப் பாட்டு பிழைத்தது. வயலின் இல்லாத குறையை நான் இதற்காகப் பொறுத்துக்கொள்வேன்.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருவோம். பெரிய ரெக்கார்ட் கம்பெனிகளின் வழக்கமான ஒப்பந்தம் எப்படி என்றால், பதிவு செய்ய முன்பணம் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பணம் பாடகரின் பங்கிலிருந்தே கழியும். கழிந்து முடியும்வரை அவர் கைக்குப் பெரிதாக ஒன்றும் வராது. முழுசாகக் கழிந்த பிறகும் மூலப் பதிவு, அதாவது மாஸ்டர், கம்பெனியிடமே இருக்கும். மெக்கானிகல் பாஷையில் சொன்னால் மாஸ்டர் என்பது டை மாதிரி. டை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஆயிரம் பீஸ் அடிக்கலாம், அடிக்காமல் பூட்டியும் வைக்கலாம். டையை வடிவமைத்தவர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஆனி டையை யாருக்கும் கொடுக்கவில்லை. பெரிய கம்பெனிகள் தேடி வந்தபோதும் மறுத்துவிட்டார். கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 1997-இல் வெளிவந்த அவருடைய 'லிவிங் இன் கிளிப்' என்ற மேடைப் பதிவு விற்பனைக்கான தங்கத் தகடு பெறும் அளவுக்குப் போனது. அந்த முதல் கேசட்டின் முதல் பாட்டை அதில் பஃபலோ நகரத்து சிம்பொனி இசைக் குழுவோடு சேர்ந்து பாடியிருக்கிறார். வயலின் வந்துவிட்டது பாருங்கள், அவர் கூப்பிட்ட பிறகு! கம்பெனியையும் அந்த ஊரிலேயே வைத்தார். இடிக்கப்பட இருந்த பழைய தேவாலயம் ஒன்றைப் புதுப்பித்து அரங்கமாக்கினார். அனயிஸ் மிட்செல் என்ற இன்னொரு பாடகியின் 'ஹேட்ஸ்டவுன்' பாடல்களை 2010-இல் வெளியிட்டதும் இவருடைய கம்பெனிதான். அது 2019-இல் பிராட்வே நாடகமாகி எட்டு டோனி விருதுகள் வாங்கியது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஆஹா, சொந்தத் தொழில் செய்தால் லாபம்" என்று முடித்துவிடக் கூடாது. அவர் அதற்கே கோபப்பட்டவர். 'மிஸ்' என்ற பெண்கள் பத்திரிகை, ஒரு ஆல்பத்துக்கு அவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பெருமையாக எழுதியது. தன் பாட்டை விட்டுவிட்டுப் பணத்தை வைத்தா தன்னை அளப்பது என்று வருத்தப்பட்டு 1997-இல் அந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவர் காப்பாற்றியது எதைப் பாடுவது என்று தானே முடிவு செய்யும் உரிமையை.

என் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் பாடுறவங்களுக்குச் சரிடீ. நமக்கு கேம்பஸ்ல எவன் வேலை கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் கடன் இருக்கிறது, தம்பி தங்கை இருக்கிறார்கள். வேலையை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஆனியின் கதையில் நான் எடுத்துக்கொண்டது வேறு. மறுப்பதற்கு முன்னால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க அப்பா ஒரு கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர். படித்துக் காட்ட அப்போது வீட்டில் ஆள் இல்லை. கையில் வாங்கியது ஒரு தொகை, தாளில் எழுதியிருந்தது வேறு தொகை. அது அவருக்குத் தெரிந்தபோது இரண்டு வருஷம் வட்டி கட்டியிருந்தார். சரி, அவர் படிக்காதவர். டிப்ளமோ வாங்கிய நாம்? நம் சீனியர் அக்கா ஒருவர் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்து வாங்கி, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நல்ல வேலை வேறு இடத்தில் கிடைத்தும் அவரால் போக முடியவில்லை. "எட்டுப் பக்கம்டி, யார் படிக்கிறது, எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்" என்றார். எல்லாரும் போட்டார்கள்! கைநாட்டுக்கும் இந்தக் கையெழுத்துக்கும் என்ன வித்தியாசம், நண்பர்களே?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். கேம்பஸ் இன்டர்வியூ தொடங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். பாண்ட், அப்ரண்டிஸ் ஒப்பந்தம், ஆஃபர் லெட்டர் இவற்றைச் சீனியர்களிடம் வாங்கி, ஒரு வக்கீலையும் அழைத்து, வரி வரியாகத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். எத்தனை மாதம், எவ்வளவு அபராதம், ஒரிஜினல் யாரிடம், நாம் செய்யும் டிசைன் யாருக்குச் சொந்தம் என்று கேட்போம். தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். போட்டாலும் தெரிந்து போடுவோம்.

அந்தக் கேசட்டையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இங்கிலீஷ் பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை.