விழுப்புரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் என்று ஊரைச் சொன்னாலே ஒரு கேள்வி வரும்: அங்கே என்ன இருக்கிறது? பஸ் நிற்கும், டீ குடிக்கலாம், வேறு என்ன? கல்யாண மண்டபத்திலும் அலுவலகத்திலும் ரயிலில் எதிர் இருக்கையிலும் இதைக் கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அண்மையில் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், சிறப்பு விருந்தினராக வந்தவர் அதையே மேடையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார். இது வழியில் இருக்கிற ஊராம். வரலாறு கிடையாதாம், கல்வி கிடையாதாம், இந்த மண் உலகத்துக்குக் கொடுத்தது ஒன்றும் இல்லையாம். அதனால் நன்றாகப் படித்து வெளியே போய்விட வேண்டுமாம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரியவர்கள் பெரியவர்களிடம் அறியாமல் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் அவர்கள் ஊரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது.

வழியில் இருக்கிற ஊர் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். சென்னை, மயிலாடுதுறை, விருத்தாசலம், காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கமும் இருப்புப்பாதை பிரியும் ஊர் விழுப்புரம். புதுச்சேரிப் பாதை 1879இல் வந்தது. விழுப்புரம் அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டில் விளைந்த மல்லாட்டை என்ற நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பாதைகள் ஓர் இடத்தில் கூடுகின்றன என்றால் சுற்றிலும் ஏற்றுவதற்குச் சரக்கும் போவதற்கு ஆளும் இருக்கிறார்கள் என்று பொருள்.

வரலாறு இல்லை என்பதற்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை யாரைப் பாடுகிறது? ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை. அவனுடைய ஊர்களில் ஒன்றான கிடங்கில் இன்று கிடங்கல் என்ற பெயரில் திண்டிவனம் நகரத்துக்குள் இருக்கிறது. கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் என்று ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்த புலவர்களின் பாட்டு நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இருக்கிறது. கிடங்கல் தெருவில் தினமும் சைக்கிளில் போகும் மாணவருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோமா?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இதைச் செய்வித்தேன் என்று கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். அவன் எடுத்த குடைவரைகளில் இதுவே முதலாவது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். மாமல்லபுரத்துக்குப் போகும் கூட்டத்தில் எத்தனை பேர், அந்தத் தொழில் இங்கே ஒரு சிற்றூர்ப் பாறையில் கைபழகியதை அறிவார்கள்? பக்கத்திலேயே தளவானூர்க் குடைவரை. சற்றுத் தள்ளிப் பனைமலையில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அதன் சுவரில் பல்லவர் காலத்து உமையின் ஓவியம், அழிந்தது போக, இன்னும் இருக்கிறது. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் துறந்ததை அங்குள்ள பழைய கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையைப் பற்றி ஒரு வரி போதும்: 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது அது ஒன்றே.

பார்க்கத் தக்கவை எல்லாம் பாண்டிச்சேரியில் இருக்கின்றன என்று இன்னொரு வாதம். ஆரோவில் பெரும்பகுதி வானூர் வட்டத்தில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1968இல் அதைத் தொடங்கியபோதும் அது தமிழ்நாட்டு மண்தான். திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி ஆண்டுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சொன்னேரா என்ற ஐரோப்பிய இயற்கையாளர் 1781இலேயே அவற்றைக் குறித்துவைத்தார். கிளையும் வேரும் இல்லாத தண்டுகள் அவை. எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள் புவியியலாளர்கள். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி 2024இல் ராம்சார் பட்டியலில் ஏறிய ஈரநிலம். இவற்றையும் பாண்டிச்சேரிச் சுற்றுலா என்று எழுதிக்கொள்கிறோம்.

கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்பது தேர்ச்சி விகிதம் வரும்போதெல்லாம் கேட்கிற பேச்சு. பள்ளி போதாது, ஆசிரியர் போதாது என்றால் அது அரசைக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த மண்ணுக்குப் படிப்பு ஒட்டாது என்று சொன்னால், எண்ணாயிரம் என்ற ஊரின் கோயில் கல்வெட்டைக் காட்டுவேன். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே நடந்த கல்லூரியில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். கீழ்நிலையில் 270 பேர், மேல்நிலையில் 70 பேர். நாள்தோறும் அவர்களுக்கு நெல் அளந்தார்கள். வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பாடம். எல்லாச் சாதிக்கும் கதவு திறந்த கல்வி அது அன்று, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே உணவோடு கல்லூரி நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி, இந்த மண் உலகத்துக்கு எதையும் தரவில்லை என்ற பேச்சு. அதைக் கேட்கும்போதுதான் எனக்கு உள்ளே கொதிக்கிறது.

திண்டிவனத்துக்கு ரயில் சீட்டு எடுத்தால் ஊருக்குரிய குறியாக டிஎம்வி என்ற மூன்று எழுத்து இருக்கும். அதே மூன்று எழுத்தை ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மானாவாரிக் கடலை போடும் குடியானவர் பல தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். டிஎம்வி 2 என்பது திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட நிலக்கடலை ரகம். குடியாத்தம் கொத்து என்ற கடலையிலிருந்து நல்ல செடிகளைத் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து உருவாக்கினார்கள். அதன் அருமை என்ன என்று கடலை ஆய்ந்த கைக்குத் தெரியும். கொடிக்கடலை தரையில் படர்ந்து அங்கங்கே காய் இறக்கும். பிடுங்கினால் பாதிக் காய் மண்ணிலேயே தங்கிவிடும், மண்வெட்டியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். நான்கரை மாதம் காத்திருக்கவும் வேண்டும். கொத்துக்கடலை செடியின் அடியிலேயே காய் கட்டும். ஈரம் இருக்கும்போது பிடித்து இழுத்தால் காயோடு வந்துவிடும். நூற்றைந்து நாளில் விளைச்சல் முடிந்துவிடும். ஏரியும் கிணறும் இல்லாத செம்மண் மேட்டில், ஒரு மழைக்காலத்தை மட்டும் நம்பி விதைக்கிறவருக்கு அந்த ஒரு மாத வித்தியாசம் கடனுக்கும் கஞ்சிக்கும் இடையிலான வித்தியாசம்.

குறையும் உண்டு. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் கொத்துக்கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். துரு நோயும் இலைப்புள்ளியும் டிஎம்வி 2ஐ எளிதாகத் தாக்கும். நோய் தாங்கும் புதிய ரகங்களைச் சோதிக்கும் ஆராய்ச்சியாளர்கள் பக்கத்திலேயே டிஎம்வி 2ஐ விதைத்து ஒப்பிடுகிறார்கள். அதாவது புதிய கடலை எதையும் எடைபோடுவதற்குத் திண்டிவனத்துக் கடலை அளவுகோலாகிவிட்டது. அதற்குப் பின் டிஎம்வி 7 வந்தது, எள்ளில் டிஎம்வி 3 வந்தது. புதிய விதைகள் நூறு வந்த பிறகும், 1940இல் வெளியான ஒரு விதையைத் தேடி வாங்கி விதைத்தவர்கள் அண்டை மாநிலங்களில் இருந்தார்கள். விற்பனைக் கமிட்டி வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு விலைக்குக் காத்துக்கிடக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கே இந்தக் கதை தெரியாது. சொல்ல வேண்டிய பாடப்புத்தகம் சொல்லவில்லை. மேடையில் ஏறியவர் ஒன்றும் இல்லை என்றார்.

இன்னொன்று, இதே திண்டிவனத்தில் ஓர் இரவில் நடந்தது. 1890களின் தொடக்கம். அமெரிக்க ஆற்காடு மிஷன் மருத்துவரான தந்தையோடு இங்குள்ள மிஷன் பங்களாவில் தங்கியிருந்தார் இளம்பெண் ஐடா ஸ்கடர். ஒரு பிராமணர், வேறு சாதி இந்து ஒருவர், ஒரு முஸ்லிம் என மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வலியில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. தந்தையை அழைத்துப் போங்கள் என்றால், ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. எங்கள் மாவட்டத்திலிருந்து தினமும் காட்பாடி ரயில் ஏறி வேலூர் போகும் நோயாளிகளுக்கு, அந்த மருத்துவமனையின் முதல் காரணம் திண்டிவனத்தில் செத்துப்போன மூன்று பெண்கள் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

சாதனையாளர் கிடையாது என்றும் சொன்னார்கள். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் மூன்றும் அந்த இரண்டாண்டுக்குள் வந்தவை.

ஒன்றுமே நடக்காத ஊர் என்பதும் பொய். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் பன்னிரண்டு பேர் படுகொலை செய்யப்பட்டார்கள். 1987 செப்டம்பரில் வன்னியருக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் இருபத்தொரு பேர் உயிர் இழந்தார்கள். அதன் பிறகு 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. ஊரை அறிவது பெருமையை மட்டும் பொறுக்கி எடுப்பது அன்று. இந்தத் துயரங்களையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

நகராட்சிகளையும் பள்ளித் தலைமை ஆசிரியர்களையும் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கிடங்கிலையும் டிஎம்வி 2ஐயும் அந்த மூன்று பெண்களையும் பற்றித் தமிழில் ஒரு பலகை வையுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள், மாமல்லபுரத்துக்குப் பேசும் பேருந்தை மண்டகப்பட்டுக்கும் எண்ணாயிரத்துக்கும் பேசுங்கள். காலையில் கிளம்பினால் மாலை மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிடலாம்.