எத்தனையில் எத்தனையாவது?

சம்பளப் பட்டியல் எழுதிய கைக்கு ஒரு பழக்கம் உண்டு. பண்டிகை முன்பணம் பிடித்தம் என்றால் வெறும் தொகையோடு விடமாட்டோம். பக்கத்திலேயே 3/10 என்று போடுவோம். பத்துத் தவணையில் மூன்றாவது என்று பொருள். அடுத்த மாதம் 4/10. 10/10 எழுதிய மாதம் அடியில் சிவப்பு மையால் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போட நான் ஒருமுறை மறந்துவிட்டேன். மறுமாதம் கை தன்பாட்டுக்கு 11/10 என்று எழுதிப் பணத்தையும் பிடித்துவிட்டது. சம்பளத்தன்று மாலை அந்தக் கடைநிலை ஊழியர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. அந்த எண்ணை விரலால் காட்டினார், அவ்வளவுதான்.

போன மாதம் அந்த விரல் நினைவுக்கு வந்தது.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் போன வருடம் காலமானார். அண்ணி பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "தம்பி, வாஷிங் மிஷின் கடன்தான் முடிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்குப் பணம் எடுக்கிறாங்கன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். ஏ.சி.எச். டெபிட் என்ற எழுத்து, பாதியில் வெட்டுப்பட்ட ஒரு கம்பெனிப் பெயர், அப்புறம் ரயில் பெட்டி போல் நீண்ட ஒரு எண். தவணை இருபத்து நான்கையும் விரல் விட்டு எண்ணினேன். எல்லாம் சரியாக முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை நூற்றுச் சொச்சம் ரூபாய் போயிருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டால், அது ஏதோ அட்டைக்கான கட்டணமாம். அண்ணிக்கு எந்த அட்டையும் வந்ததில்லை.

அண்ணன் எல்லாக் காகிதத்தையும் பத்திரப்படுத்துகிறவர். கோப்பில் அந்த மேண்டேட் படிவத்தின் நகல் இருந்தது. ஒரே பக்கம்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மாதத் தவணை இரண்டாயிரத்துக்கும் கீழே, ஆனால் 'அதிகபட்சத் தொகை' என்ற இடத்தில் பத்தாயிரம். 'எத்தனை நாளுக்கு ஒருமுறை' என்ற இடத்தில் 'மாதம்' என்ற கட்டம் காலி. 'எப்போதெல்லாம் கேட்கிறோமோ அப்போதெல்லாம்' என்ற கட்டத்தில்தான் டிக். முடியும் தேதிக்குப் பதிலாக 'ரத்து செய்யும் வரை'. கீழே அண்ணனின் அழகான கையெழுத்து. முப்பது வருடம் பிறருடைய பில்களைத் துருவிப் பார்த்த மனிதர், கடைக்காரப் பையன் நீட்டிய காகிதத்தில் அப்படியே போட்டிருக்கிறார். நான் மட்டும் என்ன, அதே மாதிரி நான்கைந்து போட்டிருப்பேன்.

இது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு படிவத்துக்கும் யு.எம்.ஆர்.என். என்று ஒரு தனி எண் கிடைக்கிறது. கம்பெனி தன் வங்கி மூலம் மாதாமாதம் ஒரு பெரிய பட்டியலை அனுப்புகிறது. அது என்.பி.சி.ஐ. நடத்தும் நாச் என்ற ஏற்பாட்டின் வழியாக நம் வங்கிக்கு வருகிறது. இங்கே மென்பொருள் பார்ப்பது இவ்வளவுதான்: எண் உயிரோடு இருக்கிறதா, தொகை உச்சவரம்புக்குள் இருக்கிறதா, தேதி சரியா, கணக்கில் பணம் இருக்கிறதா. இருந்தால் கொடு, இல்லாவிட்டால் திருப்பு. கடன் முடிந்ததா என்பது அதற்குத் தெரியாது. கணவர் போய்விட்டார், குடும்ப ஓய்வூதியம் அதே கூட்டுக் கணக்கில் விழுகிறது என்பதும் தெரியாது. யாராவது வந்து சொல்ல வேண்டும்.

அதன் கணக்கில் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் எல்லா நாளும் ஓடுகிறது. மார்ச் மாத ஓய்வூதியம் மட்டும் ஏப்ரலில்தான் வரும் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். என் தவணைத் தேதி 1. அந்த மென்பொருளுக்கு மார்ச்சாவது ஏப்ரலாவது! ஒரு வருடம் ஏப்ரல் முதல் தேதி பணமில்லை என்று திருப்பிவிட்டது. வங்கி ஒரு கட்டணம், கம்பெனி ஒரு அபராதம், இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. போதாததற்கு வசூல் பையன் போனில் சிறை என்றான். அந்தச் சட்டம் இருப்பது உண்மைதான். 2007ஆம் வருடச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காசோலை திரும்புவதைப் போலவே இதையும் குற்றமாக வைத்திருக்கிறது. ஆனால் அது நிஜமாகவே கடன் பாக்கி இருப்பவருக்கு. தேதியை 7க்கு மாற்றிக்கொண்டேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் வீட்டில் 'மாந்தா' என்றால் மணியார்டர். தபால்காரர் கொண்டுவரும் பணம். அதே சொல் இப்போது பணம் போகிற காகிதத்துக்குப் பெயர். பிரான்ஸில் குடியேறிய என் பள்ளித் தோழனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "அங்கே எட்டு வாரம் இருக்கா?" என்று கேட்டான். ஐரோப்பாவில் இப்படிப் பணம் எடுத்தால், காரணமே சொல்லாமல் எட்டு வாரத்துக்குள் வங்கியில் திரும்பக் கேட்கலாமாம். அனுமதியே இல்லாமல் எடுத்திருந்தால் பதின்மூன்று மாதம் வரை கேட்கலாம். முப்பத்தாறு மாதம் எதுவும் எடுக்காமல் கிடக்கும் மாந்தா தானே செத்துப்போகும். அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே அந்தக் காகிதம் கம்பெனியிடமே இருக்கும், வங்கி பார்ப்பதே இல்லை. இங்கே வங்கி ஏற்றுக்கொண்ட பிறகுதான் பணம் எடுக்க முடியும். அந்த மட்டில் நம் ஏற்பாடு மேல்.

ஆனால் ஏற்றுக்கொண்டதை நம்மிடம் காட்ட வேண்டாமா? கார்டு, யு.பி.ஐ. வழியாக மாதாமாதம் எடுத்தால் 24 மணி நேரம் முன்பே செய்தி அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. செல்போனில் பழகியவர்கள் தங்கள் மேண்டேட்டுகளைத் திரையில் பார்த்துக்கொள்கிறார்கள். பாஸ்புக்கை மட்டும் நம்பியிருக்கும் அண்ணிகளுக்கு என்ன வழி? நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பாஸ்புக் வரியில் 17/24 என்று அச்சடியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஓய்வூதியர்கள் உயிர்ச் சான்று கொடுக்க வரும் நவம்பரில், கணக்கில் உயிரோடு இருக்கும் மேண்டேட்டுகளின் பட்டியலை ஒரு தாளில் கொடுங்கள். நாங்கள் உயிரோடிருக்கிறோமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவை உயிரோடிருக்கின்றனவா என்று நாங்களும் கேட்கலாம்தானே? கை ஓயப் பட்டியல் எழுதிய காலத்தில் நாங்கள் செய்ததை, இத்தனை வேகமான மென்பொருள் செய்ய முடியாது என்றால் நம்புவதற்கில்லை.

அண்ணியோடு வங்கிக்குப் போனேன். "கம்பெனிதான் ரத்து செய்யணும் சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். படிவத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினேன். கம்பெனியிடமோ, அனுமதி கொடுத்த வங்கியிடமோ சொல்லி ரத்து செய்யலாம் என்று அதிலேயே இருக்கிறது. அவர் இரண்டு முறை படித்தார். உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, மனுவை வாங்கி, நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார். நல்ல பெண். அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எடுத்த பணம் திரும்பவில்லை. இந்த மாதம் ஐந்தாம் தேதி தாண்டியதும் பாஸ்புக்கில் வரி போட்டுப் பார்த்தோம். ஓய்வூதியம் மட்டும்தான் இருந்தது. கடைசித் தவணை வரியின் ஓரத்தில் 24/24 என்று எழுதி, பேத்தியின் சிவப்புப் பேனாவை வாங்கி அடியில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.