கட்டிலருகே நிற்போர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் கணிதம் பயின்ற இளைஞர் ஒருவர் வீதி விபத்திலே வலக்காலை இழந்தார். செய்தி கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். உறவினர் கட்டிலைச் சூழ்ந்து அழுதவண்ணம் நின்றனர். நாமும் எம் பங்குக்கு, "எல்லாம் விதிப்பயன், தம்பி. மனத்தைத் தேற்றிக்கொள்ளும்" என்றோம்.

"காலையிலிருந்து வருகிறவர்களையெல்லாம் நான்தானே சேர் தேற்றிக்கொண்டிருக்கிறேன்" என்றார் அவர். எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

அமெரிக்க உளவியலாளர் பியற்றிஸ் ரைட் அம்மையார் 1960இல் வெளியிட்ட தமது நூலிலே இதனை ஆராய்ந்துள்ளார். அங்கம் இழந்தவர் துயருற்றேயிருத்தல் வேண்டுமென்று சூழவுள்ளோர் தம்மையறியாமலே எதிர்பார்க்கின்றனர் என்பது அவர் கருத்து. நோயாளி சிரித்துப் பேசினால், "பாவம், இன்னும் விளங்கவில்லை" என்று முணுமுணுப்பார் நம்மவருள்ளும் உளரல்லவா? அதற்காக, அழவே கூடாதென்று தடுப்பதும் தகாது. இழப்பை எண்ணி வருந்தக் காலம் வேண்டும்; அக்காலம் ஆளுக்காள் வேறுபடும். ஆயினும், ஊணும் உறக்கமும் ஒழிந்து, உயிரை வெறுத்து ஒருவர் பேசத் தலைப்படின் வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

இவ்விடத்து லுட்விக் குட்மன் நினைவுக்கு வருகிறார். ஜேர்மனியிற் பிறந்த யூதரான இந்நரம்பியல் வைத்தியர் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தை அடைந்தார். 1944 பெப்ரவரியில் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியிலே, முள்ளந்தண்டிற் காயமுற்றோருக்கான பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கப்பெற்றது. இடுப்பின்கீழ் உணர்விழந்தோர் நெடுநாள் வாழார் என்பதே அந்நாளைய துணிபு. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களை மாய்த்தன. குட்மனோ, இரவு பகலாக இரண்டு மணிக்கொருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்கவைக்கும்படி பணித்தார்.

உயிர் பிழைத்தது சரி. பிழைத்து என்ன செய்வது? அக்கேள்விக்கு அவர் உபதேசத்தால் விடை கூறவில்லை, தொழில் கொடுத்தார். தச்சு வேலையும் கடிகாரம் திருத்தலும் ஆஸ்பத்திரியிலேயே பயிற்றப்பட்டன. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே ஆடும் விளையாட்டுக்களும் வந்தன. 1948 ஜூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் விழாத் தொடங்கிய அதே தினத்தில், 16 பேர் அவ்வாஸ்பத்திரித் திடலிலே வில்லெடுத்துப் போட்டியிட்டனர். அவருள் இருவர் பெண்கள். அங்கு அரும்பியதே பின்னர் பராலிம்பிக் விழாவாக வளர்ந்தது.

எம் மாணவரிடம் மீண்டும் போவோம். இரண்டாம் முறை சென்றபோது, இல்லாத காலின் பெருவிரல் நோவதாக அவர் மெல்லச் சொன்னார். தமக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்றஞ்சி, தாயாருக்கும் மறைத்திருந்தார். அங்கம் இழந்தோர் பலருக்கும் இஃது இயல்பு, நரம்பும் மூளையும் செய்யும் வேலை என்று வைத்தியர் விளக்கிய பின்னரே அவர் முகம் தெளிந்தது. அன்று நாம் பழங்களோடு தவணைப் பரீட்சைப் புள்ளிப் பட்டியலையும் கொண்டு சென்றிருந்தோம். "கூட்டித் தாரும், தம்பி, எமக்கு நேரமில்லை" என்று கூறி வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் போனபோது அவர் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்திருந்தார். நலம் விசாரிக்கவும் இடங்கொடாது, "நீங்கள் முன்பு கூட்டி வைத்ததில் இரண்டு இடம் பிழை, சேர்" என்றார்.