புலிமுகச் சிலந்திக்கு ஜேம் போத்தல் வீடல்ல



பெரிய சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் வீடியோக்களை நம் பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள். "சேர், நாங்களும் வளர்ப்பமா?" என்று கேட்கிறார்கள். சிலர் புலிமுகச் சிலந்தியை ஜேம் போத்தலில் அடைத்து வகுப்புக்கே கொண்டு வருகிறார்கள். அந்த ஆர்வத்துக்காக நாம் அவர்களை ஏசத் தேவையில்லை. ஆனால் சரியான பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இது மரப்பொந்தில் வாழும் சிலந்தி. வளர்ப்பதென்றால் உயரமான பெட்டி, ஒளிய நிமிர்த்தி வைத்த மரப்பட்டை, காற்றோட்டம், தண்ணீர்க் கிண்ணம், இறுகப் பூட்டும் மூடி, உயிருள்ள பூச்சிகள் எல்லாம் வேண்டும். தோல் கழற்றும் காலத்தில் அது சாப்பிடாது; உள்ளே விட்ட பூச்சியே அதைக் கடித்துக் காயப்படுத்திவிடும். கையில் எடுக்கவே கூடாது. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். பெண் சிலந்தி 10 வருடத்துக்கு மேலும் வாழும். பிள்ளை ஓ.எல். எழுதி முடிக்குமுன் ஆசை தீர்ந்துவிடும். அதன் பிறகு சிலந்தியை யார் பார்ப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. புதிய இனமென்று அறிவிக்கப்பட்ட ஒரு புலிமுகச் சிலந்தி மாங்குளம் பக்கம் கிடைத்தது. காலை விரித்தால் 20 சென்டிமீற்றர் வரை வரும். இப்படிப்பட்டவற்றை வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதனால்தான் 2019இல் இலங்கையும் சேர்ந்து கேட்டு, இந்தச் சிலந்திப் பேரினத்தின் சர்வதேச வியாபாரம் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. "பிடித்துத் தாருங்கள், காசு தருகிறோம்" என்று யாரும் பிள்ளைகளிடம் வந்தால், நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

பூனையை அடைத்து வைத்து, தானும் உணவு கொடுக்காமல், பூமியிலுள்ள பூச்சிகளைத் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் மத்ரஸாவிலேயே படித்தோம். போத்தலுக்குள் இருக்கும் சிலந்திக்கும் அது பொருந்தாதா?

"வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். செருப்பை எடுக்க வேண்டாம். அகலமான போத்தலால் மூடி, அடியில் மட்டையைச் செருகி, பழைய மரமொன்றின் அடியில் விட்டுவிடுங்கள். பொந்துள்ள மரங்களை நாம் தறிக்கத் தறிக்கத்தான் அது நம் சுவருக்கு வருகிறது.

பாடசாலை வளவிலும் பள்ளிவாசல் வளவிலும் நிற்கும் பழைய மரங்களை விட்டுவைப்போம். இரவில் டோர்ச் அடித்து, தள்ளி நின்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அதற்கு அல்லாஹ் கொடுத்த வீடு அந்த மரம்தான்.