பிணத்தைத் தொட்ட முதல் கை யாருடையது?

முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் தொடங்கும்போது வழக்கமாக ஒரு கதை சொல்லப்படும். 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் சாதித் தடையை மீறிப் பிணத்தை அறுத்தார். நவீன மருத்துவ முறைப்படி மனித உடலைக் கூறாய்வு செய்த முதல் இந்தியர் அவர்தான். அன்று வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக்கூடச் சொல்வார்கள்.

குப்தாவின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. வைத்திய சாதியில் பிறந்து, சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர் ஊர் வசவுக்கு அஞ்சாமல் கத்தியை எடுத்தது பெரிய விஷயம்தான். என் கேள்வி வேறு. அந்தப் பிணத்தை மேசைக்குத் தூக்கி வந்தது யார்? கழுவியது யார்? அறுத்து முடித்தபின் மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனது யார்? வங்கத்தில் பிணம் சார்ந்த வேலைகள் காலங்காலமாகத் தோம் சாதியினர் தலையில் கட்டப்பட்டவை. அவர்கள் தொட்டால் அது குலத்தொழில், குப்தா தொட்டால் அது வரலாறு.

இதைப் பழங்கதை என்று தள்ள முடியாது. 2021-இல் அதே கொல்கத்தாவில் நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி பிணவறை வேலைக்கு ஆறு பேரை எடுக்க விளம்பரம் கொடுத்தது. பதவியின் பெயரிலேயே ‘தோம்’ இருந்தது. பொறியாளர்கள், பட்டதாரிகள் என ஏறத்தாழ 8,000 பேர் விண்ணப்பித்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம்தான் பேசுபொருளானது. ஒரு சாதியின் பெயர் அரசுப் பதவியின் பெயராக இருப்பது பெரிதாக யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

சுசுருதரின் பெருமையும் வகுப்பில் வரும். ஓடும் நீரில் உடலை ஏழு இரவு ஊறவைத்து, தோலைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே பார்க்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை சொல்கிறது. சரி, அப்படியொரு மரபு இருந்த நாட்டில் 1836-இல் ஒரு பிணத்தைத் தொடுவதே புரட்சியாகிப் போனது எப்படி? வைத்தியர் தரும் உணவைச் சீழுக்கு ஒப்பிட்டது மனுஸ்மிருதி. சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர் பட்டியலிலும் வைத்தியரைச் சேர்த்தது. எல்லா உடலையும் தொட்டாக வேண்டிய அறிவை வருண ஒழுங்கு சகித்துக்கொள்ளவில்லை என்று தேவிபிரசாத் சட்டோபாத்யாயா விரிவாக எழுதியிருக்கிறார். சுசுருதர் படத்தை மாட்டும் கல்லூரிகள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

போரூர் தாண்டிப் பூந்தமல்லி, தண்டலம் வரை நெடுஞ்சாலையோரம் மருத்துவ, பல், செவிலியர், பிசியோதெரபி கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் நான் செவிலியர், பிசியோதெரபி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூரிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவரின் மகள், வீட்டிலேயே முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். “தோலை உரிச்சுட்டா எல்லாரும் ஒண்ணுதானே மேடம்” என்று அவர்களில் யாராவது சொல்லாத ஆண்டில்லை.

உடலளவில் உண்மை. ஆனால் செத்த பிறகும் சாதி விடுவதில்லை என்பதற்கு 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நடந்ததே போதும். சுடுகாட்டுக்கு வழி மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள்.

எங்கள் மேசைக்கு வரும் உடல்களுக்கும் ஒரு வழி உண்டு. 1832-இல் பிரிட்டனில் வந்த உடற்கூறியல் சட்டம், யாரும் உரிமை கோராத ஏழைகளின் பிணங்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டது. அதற்கு முன் அது கொலைக் குற்றவாளிகளுக்கான கூடுதல் தண்டனை! அந்தச் சட்டத்தின் வழித்தோன்றல்தான் 1951-இல் இங்கே வந்த சட்டமும். நடைபாதையில் இறந்தவர், ஊர் பேர் தெரியாத கட்டடத் தொழிலாளி என்று உரிமை கோர ஆளில்லாதவர்களின் உடல்களில்தான் தலைமுறை தலைமுறையாக மருத்துவம் கற்கப்பட்டிருக்கிறது. இப்போது விரும்பி உடல்தானம் செய்வோரும் இருக்கிறார்கள். 2024-இல் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் உடல் மேலே சொன்ன அதே நீல்ரதன் சர்க்கார் கல்லூரிக்கும், சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்கும் போயின. அவற்றைத் தொட்டியில் இறக்கியவர்களின் பெயர் எந்தச் செய்தியில் வரும்?

எங்கள் கூடத்து உதவியாளர் ஒப்பந்தத் தொழிலாளி. மாணவர்கள் இரண்டு மணி நேரம் முகக்கவசத்தோடு நின்றுவிட்டுக் கண் எரிகிறது என்று வெளியே ஓடுகிறார்கள். அவர் நாள் முழுவதும் ஃபார்மலினில் கைவிட்டு நிற்கிறார். ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அவரைவிட இருபது வயது இளைய ஆசிரியர்கள் அவரை ‘வா, போ’ என்கிறார்கள். பிணத்தை ‘முதல் ஆசிரியர்’ என்று வணங்கி உறுதிமொழி எடுக்கும் அதே கூடத்தில்தான் இது நடக்கிறது.

உடற்கூறியலின் முதல் வகுப்பிலேயே இந்தச் சட்டத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். கூடத்திலும் பிணவறையிலும் வேலை செய்வோருக்கு நிரந்தரப் பணி, காற்றோட்டம், பாதுகாப்புக் கவசம், ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். கற்பிப்போர் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும். சலுகையாக இதைக் கேட்கவில்லை. உடலைக் கெடாமல் வைக்கும் கலையில் என்னைவிட அவருக்குத் தெரிந்தது அதிகம்.

இந்த ஆண்டு பதப்படுத்தல் பற்றிய வகுப்பை அவரையே எடுக்கச் சொன்னேன். முதலில் கதவருகிலேயே நின்றார். பிறகு தொடைத் தமனியை எங்கே வெட்டுவது, எந்த வேகத்தில் திரவத்தை ஏற்றுவது என்று சொன்னார். கால் விரல் விறைப்பதைத் தொட்டுப் பார்த்துத் திரவம் போய்ச் சேர்ந்ததை அறிவாராம். தமனி சரியாக எங்கே இருக்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். தன் இடுப்பு மடிப்பின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். நாற்பது பேரும் குறிப்பெடுத்தார்கள். அந்த வகுப்புக்கு அவருக்கு மதிப்பூதியம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்.