அடி வேறு, வரி வேறு

ஒரு வாக்கியம் இடம் மாறிப் போனதால் ஒரு தாயைப் பொய்க்காரியாக்கிவிட்டேன். கதையில் வருகிற தாய்தான். ஆனாலும் பாவம் பாவந்தானே!

தியாகதுருகத்தில் கடைவீதி ஓரமாக ஒரு சிறிய டி.டி.பி. கடை இருக்கிறது. என் கையெழுத்துப் பிரதிகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவள் அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண். என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் படிப்பவள். ஒரு கதையைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசித் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் நீளமாகப் பேசுகிற ஒரு பாரா. "இதுக்கு அடுத்த வரி ஆரம்பத்திலே, 'நகையை நான் எடுக்கவில்லை'ன்னு சேர்த்துடும்மா" என்றேன். அவள் கண் என் காகிதத்தின் மேல் இருந்தது. கீழ் அம்புச் சாவியை ஒரு தடவை தட்டினாள், வாக்கியத்தை அடித்தாள், அடுத்த திருத்தத்துக்குப் போய்விட்டோம்.

கதை அச்சாகி வந்தது. மகள் சொல்ல வேண்டியதை அடுத்த பாராவில் தாய் சொல்லியிருந்தாள். "நகையை நான் எடுக்கவில்லை. இந்தா, அடகுச் சீட்டு" என்று நீட்டியிருந்தாள்! படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே கடைக்குப் போய், மூன்று பேர் முன்னிலையில் அந்தப் பெண்ணைக் கடிந்துகொண்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே பாத்து அடிக்கறேன் சார்" என்றாள்.

கோபம் ஆறிய பிறகு அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நானே சோதித்துப் பார்த்தேன். கர்சரைப் பாராவின் முதல் வரியில் வைத்துக் கீழ் அம்பைத் தட்டினேன். அது அடுத்த வரிக்குப் போகவில்லை. கண்ணெதிரே இருந்த ஆறேழு வரிகளை ஒரே தாவாகத் தாவி, அடுத்த பாராவின் தலையில் போய் நின்றது. 'எண்ட்' சாவியைத் தட்டினேன். இருந்த வரியின் கடைசிக்குப் போகாமல் பாராவின் கடைசிக்கே ஓடியது.

கடைக்காரரின் மகன் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். அந்த எடிட்டரை அங்கே ஏற்றி வைத்தவனும் அவனே. அவனைக் கேட்டேன். "சார், எண்டர் தட்டினாத்தான் வரி. நீங்க பாக்கறதெல்லாம் வரியே இல்லை. ஜன்னல் அகலம் போதாமே மடிச்சுக் காட்டுது, அவ்வளவுதான். உங்க பாரா மொத்தமும் ஒரே வரி" என்றான்.

ஒரே வரியாம்! கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, தியாகதுருகத்தைத் தாண்டி எலவனாசூர்கோட்டையில் இறங்க வேண்டியவரை உளுந்தூர்பேட்டையில் இறக்கிவிட்டு, "எங்கள் கணக்கில் இடையில் ஊரே கிடையாது" என்று ஒரு கண்டக்டர் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

ஆனாலும் பையனுடைய கட்சிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1969-ஐ ஒட்டி அமெரிக்காவில் கென் தாம்ஸன் என்பவர் 'எட்' என்ற எடிட்டரை எழுதியபோது, கம்ப்யூட்டரோடு பேசுவதற்குப் பெரும்பாலும் இருந்தது காகிதத்தில் அடிக்கிற டெலிபிரிண்டர். திரை இல்லாத இடத்தில் கர்சர் ஏது? "பத்தாவது வரியை மாற்று" என்று எண்ணைச் சொல்லித்தான் வேலை வாங்க வேண்டும். 1976-ல் கலிபோர்னியாவில் பில் ஜாய் எழுதிய 'வி.ஐ.' அந்த மரபில் வந்தது. அதில் கீழே இறங்க 'ஜே' என்ற ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். ஆனால் இறங்குவது எண்டர் தட்டி முடித்த வரியின் கணக்கில். 1991-ல் வெளிவந்த அதன் வாரிசான 'விம்' கண்ணுக்குத் தெரிகிற வரியில் இறங்குவதற்கும் வழி செய்திருக்கிறது. 'ஜி', 'ஜே' என்று இரண்டு எழுத்தைத் தட்ட வேண்டும். கண்ணை நம்புகிறவனுக்கு இரட்டை வேலை!

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு ஒரு வரி என்பது ஒரு கட்டளை. அது பெரும்பாலும் குட்டை, மடிவது அபூர்வம். "மூன்று வரி இறங்கி ஒரு சொல்லை அழி" என்று யந்திரத்துக்கு ஒரு முறை கற்பித்துவிட்டால், ஜன்னல் அகலமானாலும் குறுகினாலும் அது ஒரே மாதிரி நடக்க வேண்டும். நியாயந்தான். ஆனால் கதை எழுதுகிறவனுடைய பாரா கட்டளை அல்ல. அது மடிந்து மடிந்துதான் திரையில் நிற்கும். அதிலும் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'போய்க்கொண்டிருந்தவனுக்கு' என்று ஒரே சொல்லை எழுதினால் பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். மடிப்பு நமக்கு அன்றாட வாழ்க்கை.

இந்த இரண்டு கணக்கும் தமிழனுக்குப் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. நம்மிடம் 'அடி' என்று ஒரு சொல்லும் 'வரி' என்று ஒரு சொல்லும் இருக்கின்றன. செய்யுளுக்கு அடி; எழுதிய பரப்புக்கு வரி. ஓலைச் சுவடியில் எழுதியவர்கள் அடி முடிந்த இடத்தில் நிறுத்திக் கீழே இறங்கவில்லை. ஓலை முடிகிற வரையில் எழுதிக்கொண்டே போனார்கள். நாலடி வெண்பா ஏட்டில் இரண்டு வரியிலும் அடங்கும், மூன்று வரியிலும் அடங்கும். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் அந்த வரிகளுக்குள்ளேயிருந்து அடிகளைப் பிரித்தெடுத்துக் கொடுத்ததால்தான் நாம் இன்று படிக்கிறோம். அவர்களுக்கு அடியும் தெரியும், வரியும் தெரியும். ஏட்டில் விரலை வைத்து "அடுத்த வரி" என்றால், விரல் கீழே இருக்கிற வரிக்குத்தான் போயிருக்கும். அடுத்த பாட்டுக்குத் தாவியிருக்காது.

கர்சர் என்பது அந்த விரல்தான். யந்திரம் தன் வயிற்றுக்குள் அடிக்கணக்கு வைத்துக்கொள்ளட்டும். எண் போடுவதற்கும் தேடுவதற்கும் அது உதவட்டும். ஆனால் கீழ்நோக்கி அம்பு போட்ட சாவியைத் தட்டினால் கீழே தெரிகிற வரிக்குத்தான் போக வேண்டும். இதில் என் வாதத்துக்கு யந்திரமே சாட்சி. தமிழ் எழுத்துக்கள் யூனிகோடில் 1991-லேயே இடம் பெற்றுவிட்டன. அதில் 'கொ' என்ற எழுத்து உள்ளே இரண்டு குறியீடுகளாக இருக்கிறது: 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று. ஆனால் இன்றைய எடிட்டர்கள் பெரும்பாலானவற்றில் பக்கவாட்டு அம்பை ஒரு முறை தட்டினால் கர்சர் முழு 'கொ'வையும் ஒரே எட்டில் கடந்துவிடுகிறது. உள்ளே இரண்டு இருந்தாலும் கண்ணுக்கு ஒன்று என்பதை அது மதிக்கிறது. பின்னால் அழிக்கும் சாவியைத் தட்டினால் மட்டும் ஒகரம் போய்க் 'க' நிற்கும். அது அழிக்கிற காரியம், சில சமயம் சௌகரியங்கூட. எழுத்தைக் கடக்கும்போது கண்ணை மதிக்கிற யந்திரம், வரியைக் கடக்கும்போது மட்டும் ஏன் மதிக்கக் கூடாது?

புரோகிராம் எழுதுகிறவர்களிலேயே ஒரு சாரார் இதை உணர்ந்துவிட்டார்கள். 'ஈமேக்ஸ்' என்ற பழம்பெரும் எடிட்டர், 2009-ல் வந்த தன் 23-ஆம் பதிப்பில், கீழே இறங்குவது திரையில் தெரிகிற வரியின் கணக்கில்தான் என்று ஏற்பாட்டை மாற்றியது. பழைய முறை வேண்டுமென்பவர்கள் தாங்களே மாற்றி வைத்துக்கொள்ளலாம். இதுதான் முறை. விசேஷமான தேவை உள்ளவன்தான் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர, சாதாரணமாக எழுதுகிறவன் அல்ல.

இதைச் சொன்னதும் பையன், "இது ஒரு நிமிஷ வேலை சார்" என்று எதையோ தட்டினான். கர்சர் அன்றுமுதல் ஒழுங்காக வரி வரியாக இறங்குகிறது. எனக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு நிமிஷ வேலை! அந்த ஒரு நிமிஷத்தை யாரும் செலவிடாததற்காக, கூலிக்கு அடிக்கிற ஒரு பெண் மூன்று பேர் எதிரில் தலைகுனிந்து நின்றிருக்கிறாள். அமைப்பை மாற்றலாம் என்பது அவளுக்கு யார் சொல்லித்தான் தெரியும்? யந்திரம் செய்த பிழையெல்லாம் கடைசியில் சாவியைத் தட்டிய விரலின் தலையில்தான் விடிகிறது. அதை விடிய வைத்தவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்களும் அடுத்த வரின்னுதான் சார் சொன்னீங்க. நானும் அடுத்த வரிக்குத்தான் தட்டினேன்" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதும் சரி, செய்ததும் சரி. நடுவில் இருந்த யந்திரத்துக்குத்தான் வரி எது என்று தெரியவில்லை.